பாத்திரம் யார் கழுவுவது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம். வயது 22. பி.எஸ்சி. முடித்ததும் ஒரு தொண்டு அமைப்பில் ஓராண்டு சேவைக்குச் சேர்ந்தேன். ஜூன் முதல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மூன்று பெண்கள் ஒரு வீட்டில், மூன்று பையன்கள் எதிர்வீட்டு மாடியில். சமையல், சாப்பாடு எல்லாம் எங்கள் வீட்டில் பொது. மாதம் 6,000 ரூபாய் தருகிறார்கள், அதில் 2,500 பொதுச் செலவுக்கு. எளிய வாழ்வு, கூட்டு வாழ்வு என்று ஆசையாகத்தான் வந்தேன். இப்போது தினமும் பாத்திரச் சண்டை. ஒருவன் எதற்கும் பத்து ரூபாய் கூடுதலாகத் தரமாட்டான். இன்னொருவன் சென்னைக்காரன், எல்லோருக்கும் எளிமை பற்றி வகுப்பெடுக்கிறான். ஊரில் 'எந்தத் தெரு?' என்று கேட்கிறார்கள். மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை. அப்பா தினமும் போன் செய்து, 'இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம், பைத்தியக்காரத்தனம், வந்து குரூப் 2-வுக்குப் படி' என்கிறார். போன வாரம் ஒரு பிள்ளையின் அம்மா வயல் நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். நான் சைவம். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியோடு போய்விடலாமா? நான் தோற்றுவிட்டேனா?

பதில்: தங்கச்சி, 'நீங்கள்' என்று எழுத ஆரம்பித்தேன், இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதம் நான்கு பக்கம். இடம் போதாமல் மேலே சுருக்கிப் போட்டிருக்கிறோம். முழுசையும் இரண்டு தடவை படித்தேன். பாத்திரத்துக்கு இருபத்தொரு வரி, அப்பாவுக்கு ஒன்பது, வேலைக்கு ஆறு. 'இவ்வளவு அற்ப விஷயத்துக்கா அழுகிறோம் என்று வெட்கமாக இருக்கிறது' என்று வேறு எழுதியிருக்கிறாய். வெட்கப்பட ஒன்றுமில்லை. சமூகப்பணி படித்துவிட்டு, பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்புவதும், அங்கே முட்டிக்கொண்டு திரும்பி வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவதுமாக எனக்குப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. சேவை பிடிக்காமல் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களெல்லாம் சமையலறையில்தான் உடைந்தார்கள்.

நானும் அப்படி உடைந்தவள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அடுத்த வருடம் படிப்பு முடிந்த கையோடு ஓர் அமைப்பு வழியாக அங்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனேன். ஏழு பேருக்கு ஒரு வாடகை வீடு. பகலெல்லாம் தற்காலிகக் குடியிருப்புகளில் வேலை. தார் ஷீட் போட்ட கொட்டகைகள். மத்தியானம் உள்ளே நுழைந்தால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அந்த வெக்கையை ஏழு பேரும் தாங்கினோம். ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் தாங்க முடியவில்லை.

எல்லாம் பொது என்றுதான் பேச்சு. ஒருத்தி மட்டும் வீட்டிலிருந்து வந்த ஊறுகாயைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தாள். ஒருநாள் மூடி தளர்ந்து எண்ணெய் கசிந்துவிட்டது. கூடம் முழுக்க வாசனை. அன்றைக்கு எங்களுக்கு வெறும் ரசம் சோறு. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஒருவர் தன் சோப்பைத் தனியாக எடுத்து வைத்தார். அதற்கு மறுநாள் காப்பித்தூள் தனியானது. இரண்டு வாரத்தில் அந்த வீட்டுக்குள் ஏழு தனிக்குடித்தனம். மூன்று மாதமாக யாரும் வாய்விட்டுப் பேசாமல் சேர்த்து வைத்த கணக்கெல்லாம் அந்த பாட்டிலின் தலையில் விழுந்தது. அதனால் உங்கள் வீட்டில் சத்தமாகச் சண்டை நடக்கிறது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சேர்ந்து சாப்பிடுவது நம் நாட்டில் எப்போதும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலம் உனக்குத் தெரிந்திருக்கும். தேசத்துக்குத் தொண்டு செய்யும் இளைஞர்களை உருவாக்கத்தான் அதை ஆரம்பித்தார், காங்கிரஸும் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்க, தமிழ்நாட்டு அரசியலே அதில் புரண்டது. ஐயர் பெரிய மனிதர், தியாகி. அவரால்கூட ஒரு பந்தியைச் சரியாக அமைக்க முடியவில்லை. நீ நாலு மாதத்தில் முடியவில்லை என்று அழுகிறாய்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். உன் கடிதத்தில் பையன்கள் மூன்று பேரும் 'சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுகிறார்கள்' என்று நாலு இடத்தில் வருகிறது. சமையலறை உங்கள் வீட்டில் இருப்பதால் அது உங்கள் வேலையாகவே ஆகிவிட்டது. அவர்கள் விருந்தாளி, நீங்கள் வீட்டுப் பெண்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிச் செய்திருக்க மாட்டார்கள், பழக்கம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். சுவரில் முறை அட்டை ஒட்டியும் பலனில்லை என்கிறாய். இருக்காதுதான். ஆளுக்கொரு நாள் என்று போட்டால், வராதவன் ஒருவனால் மொத்தமும் நாறிவிடும். இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். ஒரு ஜோடி சமைத்தால் இன்னொரு ஜோடி கழுவட்டும், மூன்றாவது ஜோடிக்கு அன்று ஓய்வு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண், ஒரு பையன். அவரவர் தட்டை அவரவர் எழுந்த உடனே கழுவிவிட வேண்டும். அப்புறம், 'ஊறப் போட்டிருக்கிறேன்' என்ற வார்த்தைக்குத் தடை விதியுங்கள். தொண்டர் வீடுகளில் நான் கேட்ட பொய்களில் அதுதான் பெரியது. அடிப்பிடித்த குக்கர் மூன்று நாள் ஊறி, கடைசியில் யாரோ ஒரு பெண்தான் முனகிக்கொண்டே தேய்ப்பாள்.

வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் ஆறு பேரும் உட்காருங்கள். எந்தக் கிழமை என்பதை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். போன் வெளியே. முதலில் பொதுச் செலவு நோட்டைப் பாருங்கள், கணக்கில் ஆரம்பித்தால் பேச்சு சுலபமாக வரும். பிறகு அந்த வாரத்தில் நடந்தது. 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்று யாரும் சொல்லக் கூடாது. 'செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் தனியாகக் கழுவினேன், எரிச்சலாக இருந்தது' என்று சொல்லலாம். முதல் இரண்டு வாரம் நாடகம் மாதிரி இருக்கும், சிரிப்பு வரும். பரவாயில்லை, தொடருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பத்து ரூபாய்ப் பையனைப் பற்றி. அவன் வெளியில் சாப்பிட வரமாட்டான், தீபாவளித் துணிக்குக்கூட ஆசைப்படவில்லை, மாதம் பிறந்ததும் முதல் நாளே இ-சேவை மையத்துக்குப் போகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். கையில் நிற்கும் 3,500-ல் பாதிக்கு மேல் அவன் வீட்டுக்குப் போகிறது என்று நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு பையனை நான் பார்க்காத குழு கிடையாது. உனக்கு அவசரமென்றால் அப்பா ஜிபேயில் அனுப்புவார், அவனிடமிருந்து அவன் அப்பா எதிர்பார்க்கிறார். இருவருக்கும் ஒரே 6,000. சென்னைப் பையனுக்கு எளிய வாழ்வு ஒரு வருடப் பாடம், இவனுக்கு அது பிறந்ததிலிருந்து பழகினது. இவனை உட்கார வைத்து எளிமை பற்றி வகுப்பெடுத்தால் எப்படி இருக்கும்? சபையில் வைத்துக் கேட்காதே. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று, 'வீட்டில் எப்படி இருக்காங்க?' என்று மட்டும் கேட்டுப் பார். வெளியில் சாப்பிடப் போகிற செலவைக் கொஞ்ச நாள் நிறுத்தி, அந்தக் காசில் வீட்டிலேயே அடை சுடுங்கள்.

'எந்தத் தெரு?' இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டெல்டாவில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. உனக்கு அது அவமானமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆனால் கேட்கிற எல்லோரும் ஒன்றுக்காகக் கேட்பதில்லை. மேலத்தெருக்காரர் கேட்டால், உன்னை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்யக் கேட்கிறார். காலனியில் ஒரு அம்மா கேட்டால், நீ தன் வீட்டில் தண்ணீர் குடிப்பாயா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். முதலாமவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றலாம். இரண்டாமவருக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும்.

இதை நான் பெரிய இவளாக இருந்து சொல்லவில்லை. குப்பத்தில் முதல் ஒரு மாதம் யார் டீ கொடுத்தாலும், 'இப்பதான் குடிச்சேன்' என்பேன். சுத்தம், வயிறு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பாட்டி ஒருநாள் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "நான் குடுக்கிற தண்ணியக் குடிக்க மாட்ட, எனக்கு நீ என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போற?" என்றது. குடித்தேன். தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. அங்கே எல்லார் வீட்டுத் தண்ணீரும் அப்படித்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது உன் வேலை. பிள்ளைகள் வகுப்புக்கு ஒழுங்காக வராததற்கு நீ காரணமில்லை. நீ இருப்பது கடைமடை. மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தாலும் உங்கள் வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும், அங்கே சம்பாதான் பிரதானம். இந்த ஐப்பசியில் அம்மாக்கள் விடிந்ததும் நடவுக்கோ களைக்கோ போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பெரிய பிள்ளை சின்னதைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும். அதையும் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லிப் பார். இன்னொன்று, நான் அனுப்பிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நாலாவது, ஐந்தாவது மாதத்தில்தான் இந்தச் சோர்வு வரும். ஆரம்பப் பரபரப்பு தீர்ந்திருக்கும், பலன் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. நெல் ஜெயராமன் உங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் திருவிழா நடத்தியது நினைவிருக்கும். இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அந்த நாலு கிலோவை ஐப்பசியில் போய் யாரும் கேட்க மாட்டார்கள்.

'நான் இல்லாவிட்டாலும் இங்கே எல்லாம் நடக்கும்' என்றும் எழுதியிருக்கிறாய். நடக்கும்தான். ஒரு வருடத்துக்கு வந்த 22 வயதுப் பெண்ணால் ஊர் மாறிவிடாது. கீழ்வெண்மணி உனக்கு ரொம்ப தூரமில்லை. 1968 டிசம்பர் 25-ல் அங்கே 44 பேர் கொல்லப்பட்ட பிறகு சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இந்தப் பக்கம் வந்து ஊன்றினார்கள். நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க லாஃப்டி அமைப்பை ஆரம்பித்தது 1981-ல். கணக்குப் போட்டுக்கொள். உன்னால் ஒரு வருடத்தில் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு இதுதான் நேரம். பருவமழை பிடிப்பதற்குள் ஊரில் எத்தனை வீடு கூரை, எத்தனை மண்சுவர், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், எங்கே கர்ப்பிணி, யாருக்குத் தினமும் மாத்திரை என்று தெருத்தெருவாகப் போய் ஒரு நோட்டில் எழுது. ஆதார், ரேஷன் கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கத்தில் கூரை போனது, தென்னை போனது, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நிவாரணம் கேட்டு நின்றவர்களில் பலர் கையில் ஒரு காகிதமும் இல்லை. அந்த நோட்டின் ஒரு பிரதியை கிராம நிர்வாக அலுவலரிடம் கொடு, இன்னொன்று ஊராட்சிச் செயலரிடம். நீ போன பிறகும் அது அங்கே இருக்கும்.

அப்பா சொல்வது பாதி உண்மை. இந்த மாதிரி ஒரே வீட்டில் தங்கி, கைச்செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் தொண்டு செய்வதை அமெரிக்காவில் ஏசு சபைத் தொண்டர்கள் 1956-ல் அலாஸ்காவில் ஆரம்பித்தார்கள், ஜெர்மனி 1964-ல் சட்டமே போட்டது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியோடு திருச்சியிலிருந்து கிளம்பிய நூறு பேர் அளவிலான தொண்டர்கள் உங்கள் கும்பகோணம் வழியாகத்தான் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் உத்தரவு போட்டார். ஜனங்கள் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டிலும் யாராவது 'பைத்தியக்காரத்தனம்' என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

இதையெல்லாம் போனில் வாதமாக எடுத்து வைக்காதே, அப்பாக்கள் வாதத்தில் தோற்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அங்கே வரச் சொல். மகள் எங்கே படுக்கிறாள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, யாரோடு இருக்கிறாள் என்று கண்ணால் பார்க்கட்டும். அவருடைய கோபத்தில் முக்கால்வாசி பயம். குரூப் 2-வுக்கு 22 வயதில் ஒரு வருடத்தால் வயது வரம்பு ஓடிவிடாது, தினமும் காலையில் ஒரு மணி நேரம் படிக்கிறேன் என்று சொல், சொன்னபடி படி. இந்தத் துறையிலேயே தொடரத் தோன்றினால் சமூகப்பணி முதுகலை எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, எஸ்பிஐயின் பதின்மூன்று மாத கிராமத் திட்டம் இருக்கிறது, இரண்டு வருட காந்தி ஃபெல்லோஷிப் இருக்கிறது. அதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

சில விஷயங்கள் நடந்தால் மட்டும் தீபாவளிவரைகூடக் காத்திருக்காதே. பொறுப்பாளரோ வேறு யாரோ தப்பாக நடந்துகொண்டால், உங்கள் உதவித்தொகையை மாதக்கணக்கில் இழுத்தடித்தால், சேவை என்று சொல்லி யாருடைய சொந்த வேலைக்காவது உங்களை ஏவினால், அன்றைக்கே பெட்டியைக் கட்டு. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் சம்பளமில்லாத தொண்டரும் பணியாளர்தான். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மனநல உதவி எண் 14416-க்குப் பேசு, தமிழிலேயே பேசலாம். உன் கடிதத்தில் இதெல்லாம் இல்லை. நன்றாகத் தூங்குகிறாய், நன்றாகக் கோபப்படுகிறாய். அதனால் தீபாவளிக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு கைப்பையோடு மட்டும் போய்விட்டு வா. பெட்டி அங்கேயே இருக்கட்டும். பொங்கல் கழிந்ததும் மறுபடி யோசி. அப்போதும் போகத்தான் தோன்றினால் சொல்லிக்கொண்டு போகலாம், தோல்வி என்று யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

நண்டுக் குழம்பு. அதுதான் உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வந்த அம்மா, வாய்க்கால் வரப்பில் பிடித்த நண்டை அம்மியில் மசாலா அரைத்துக் குழம்பு வைத்து டீச்சருக்கு முதலில் போட்டிருக்கிறார். நீ சைவம் என்பது குற்றமில்லை, அதற்காக நண்டு தின்னச் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சல் என்று சொன்னாய் பார், அதைத்தான் அந்த அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் அப்படிக் காய்ச்சல் வந்த டீச்சர்கள் முன்பும் இருந்திருப்பார்கள். நாளைக்கே போ. 'அக்கா, அன்னிக்குக் காய்ச்சல் இல்ல, நான் நண்டு சாப்பிட மாட்டேன், சொல்லக் கூச்சமா இருந்துச்சு' என்று சொல். சொல்லிவிட்டு உடனே கிளம்பாதே. பழைய சோறும் பச்சை மிளகாயும் இருக்கிறதா என்று நீயே கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிட்ட தட்டை அவர் கழுவ விடமாட்டார், பிடுங்கிக் கழுவிவிட்டு வா.